யாருடைய செருப்பு?

ரியாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, உணர்வுசார் நுண்ணறிவை அளக்கும் வினாத்தாள் ஒன்றின் அரபி வடிவத்தைச் சரிபார்க்கும் வேலை வந்தது. பெட்ரிடிஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய வினாத்தாளின் சுருக்க வடிவம் அது. மொத்தம் 30 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண் போட வேண்டும். வலமிருந்து இடமாக எழுதும் அரபி, எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். என் பொறுப்பு எண்கள்.

ஆங்கில மூலத்தை ஒருவர் அரபிக்குக் கொண்டுபோவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்குவார். 1970-இல் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஊரெல்லாம் இதுதான் வழக்கம். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 17-ஆவது வாக்கியம், ஆங்கிலத்தில் சொல்வதுபோல அடுத்தவர் காலணிக்குள் புகுந்து அவர் உணர்வதை உணர்வது பற்றியது, அச்சு அசலாகத் திரும்பி வந்திருந்தது. சந்தோஷமாக டிக் போட்டேன்.

அப்புறம் சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியமும் எப்படிப் புரிகிறது என்று கேட்டோம். அலுவலக எழுத்தர் ஒருவர் 17-இல் நின்றுவிட்டார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ‘ஹிதா’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். “யாருடைய செருப்பு, உஸ்தாத்?” என்று என் அரபுச் சகாவிடம் கேட்டார். செருப்பைக் காட்டுவதே அவமரியாதை என்று நினைக்கிற ஊர். அரபியிலும் நம்மைப் போலவே ‘அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பது’தானாம். சொல்லுக்குச் சொல் போனது, சொல்லுக்குச் சொல் வந்தது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் பிசிறில்லாமல் திரும்பி வருகிற வாக்கியத்தைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

‘சந்தோஷமானவன்’, ‘சந்தோஷமானவள்’ என்று ஆண், பெண்ணுக்கு விகுதி மாறும் இடங்களைச் சாய்கோடு போட்டுச் சமாளித்தோம். எதிர்மறை வாக்கியங்கள் 15 இருந்தன. ‘என்ன உணர்ச்சி என்றே எனக்குத் தெரிவதில்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் போட, தலைக்குள் இரண்டு இல்லைகளைத் தாண்ட வேண்டும். பலர் அங்கே பேனாவை வைத்துவிட்டு யோசித்தார்கள்.

பெரிய தப்பு என்னுடையது. எங்கள் தாளில் எண்ணை எழுத ஒரு கட்டம்தான் இருந்தது. சிலர் அரபி இலக்கத்தில் எழுதினார்கள். அரபி ஆறு, பார்க்க நம் 7 மாதிரியே இருக்கும். அரபி ஏழோ ஆங்கில ‘வி’ போல. நான் ஆறையெல்லாம் ஏழாகப் பதிந்துகொண்டே போயிருக்கிறேன். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த சகா, “அது ஆறு” என்றார். வினாத்தாளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா என்ற எண் 0.7-ஐத் தாண்டினால் சரி என்பார்கள். என் தப்பு எண்களோடேயே அது தாண்டியிருந்தது.

எல்லாத் தாளையும் எடுத்து முதலிலிருந்து பதிந்தோம். அடுத்த அச்சில் கட்டத்தை எடுத்துவிட்டு, வட்டமிடுவதற்கு 1 முதல் 7 வரை வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். சகா பார்த்துவிட்டுச் சிரித்தார். 1-ஐ இடது ஓரத்தில் வைத்திருந்தேன்.