சேலத்தில் புல்தரை: மண்ணைப் பார்த்த பிறகே விதை

புதிதாக வீடு கட்டிய மனையில் மண் மாதிரி எடுக்கும்போது, சிமென்ட் கலவை போட்ட இடத்தை முதலில் ஒதுக்குங்கள். அந்த மூலையிலிருந்து ஒரு பிடி சேர்ந்தாலும் காரம் ஏறிவிடும், முடிவை நம்ப முடியாது. எருக்குழி, மரத்தடியும் வேண்டாம்.

400 சதுர அடிக்கு எட்டு இடங்களில் எடுத்தோம். மேல்குப்பையைச் செதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, குழியின் சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவ வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துக் கொடுக்கலாம்.

முடிவு: பி.எச். (அமில-கார அளவு; 7-க்கு மேல் காரம்) 8.2, உப்பு இல்லை, கரிமச்சத்து குறைவு. இதைப் பார்த்து ஜிப்சம் கொட்டத் தேவையில்லை. அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து, சுண்ணாம்பால் வந்த காரத்தைக் குறைக்காது. ஓர் அங்குல கனத்துக்கு நன்கு மட்கிய தொழுவுரம் கலந்தோம், அவ்வளவுதான். மேக்னசைட் என்னும் மக்னீசியக் கனிமம் கிடைக்கும் கருப்பூர்ப் பக்கம் மண்ணில் மக்னீசியம் ஏற்கெனவே மிகுதி. அங்கே டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போடுவது பெரிய தவறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலோ மண் பெரும்பாலும் அமிலம். அதே டோலமைட், பரிசோதனை சொல்லும் அளவில், அங்கே நல்ல மருந்து.

விதைக்கு வருவோம். படத்தைப் பார்த்து ரை புல், ஃபெஸ்க்யூ வாங்காதீர்கள். குளிர்நாட்டுப் புல், சேலத்துக் கோடையில் கருகும். நல்ல வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல் வகையான பெர்முடாவே சரி, 8.2 காரத்தையும் தாங்கும். தோல் நீக்கிய விதை சீக்கிரம் முளைக்கும். அரை நிழலுக்கு விதையை நம்பாமல் எருமைப்புல் (செயின்ட் அகஸ்டின்) கரணை நடுங்கள்.

அவசரப்பட்டால் கெடுப்பது கோரை. ஏரி மண் அடித்திருந்தால் கிழங்கு நிச்சயம் கூடவே வந்திருக்கும். நிலத்தைச் சமன்செய்து மூன்று வாரம் தண்ணீர் மட்டும் விட்டு, முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும். பிறகு புல்லுக்கிடையில் அதை எடுக்கவே முடியாது.

சதுர மீட்டருக்கு 8 கிராம் கணக்கில் 300 கிராம் விதை. நான்கு பங்கு மணலில் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினோம். மூடும் மண் அரை செ.மீ.க்கு மேல் போனால் முளைப்பு குறையும். ஜூன், ஜூலையில் போட்டுவிடுங்கள். அக்டோபர் மழை விதையை ஒரு மூலைக்கு அடித்துப் போகும். முளைக்கும்வரை தினம் இரண்டு, மூன்று முறை பூத்தூறலாகத் தண்ணீர். முளைத்த பிறகு நரம்பு பச்சையாக இருந்து இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள், சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகாது.