அகத்தியர் கூடத்துக்கு ஒரு செம்பு தாமிரபரணி

பாபநாசம் படித்துறையில் முங்கி எழுந்ததும் அப்பா பொதிகையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். ஒரு தரம் அதன் அகத்தியர் கூடம் உச்சிக்குப் போய், அங்கே சிலையாக நிற்கும் அகத்திய முனிக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றணும் என்று வேண்டுதல். கண்ணை மூடும்வரை நடக்கவில்லை. ஒரே பிள்ளை நான். அந்தக் கடன் என் தலையில்.

நம்ம பக்கமாக இப்போது விடுவதில்லை. திருவனந்தபுரம் போய், போனக்காடு வழியாகத்தான் ஏறணும். முன்பதிவு தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். இரண்டு வருஷம் தவறியது. நடுவில் ஒருத்தன் "பாஸ் வாங்கித் தாரேன்" என்று ஆயிரம் ரூபாயோடு போனை அணைத்துவிட்டான். அவனை அகத்தியர் பார்த்துக்கிடட்டும்.

வனத்துறைச் சோதனையில் சூடம், பத்தி எல்லாம் போச்சு. செம்புத் தண்ணீரை மட்டும் விட்டார்கள்.

முதல் நாள் அதிருமலை முகாம் போய்ச் சேருவதற்குள் முட்டி கழன்றுவிட்டது. 1987-ல் இந்தக் காட்டில் விஞ்ஞானிகள் களைத்து நின்றபோது, கூடவந்த காணிப் பழங்குடியினர் தெம்பாக நடந்தது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்றுதானாம். எனக்குக் கிடைத்தது கடலைமிட்டாய்.

வழிகாட்டி ஒரு காணிக்காரப் பெரியவர். நமக்குத் தமிழ் தந்த முனிவர், அவர்களுக்குக் குலம் காக்கும் தெய்வம். கோர்ட் தீர்ப்பு வந்து 2019-லிருந்து பெண்களும் ஏறுகிறோம். அப்போது காணி மக்கள் போனக்காட்டில் கூடியிருந்து, பாட்டுப் பாடி மனத்தாங்கலைச் சொன்னார்கள். அது உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்காலைப்பாறையில் கேட்டேவிட்டேன்.

"எங்க வீட்டுப் பொண்ணுக ஏறமாட்டாங்க. நீங்க அப்பாவுக்காக வந்திருக்கீங்க. முனிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரியவில்லை.

கயிற்றைப் பிடித்துப் பிடித்து 1868 மீட்டர் உச்சி. செல்ஃபிக் கூட்டம், ஒரே கூச்சல். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து மூடியது. எதிரே முனி மட்டும். செம்பைப் பெரியவர் கையில் கொடுத்தேன். பாதி ஊற்றிவிட்டு, "மிச்சம் நீங்க" என்று திருப்பித் தந்தார். கை நடுங்கியதில் கொஞ்சம் என் காலிலேயே சிந்தியது. மந்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அப்பா, ஊத்தியாச்சு."