நமுட்டோனியில் எங்கே கதை சொல்வது?

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "சிங்கம் எப்போ சார் வரும்?" நமுட்டோனி முகாமின் நடுவில் வெள்ளைவெளேரென்று நிற்கிற ஜெர்மானியக் கோட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதன் முன்னால் நாலு போட்டோ, அப்புறம் நீச்சல் குளம். குறை சொல்லவும் முடியாது, காசு கொடுத்தது விலங்கு பார்க்கத்தானே.

கோட்டைக்குள் நின்று வரலாறு சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. எடுபட்டது எங்கே தெரியுமா? செக்போஸ்டில். வடக்கே ஒண்டாங்வா பக்கமிருந்து வரும்போது வண்டியில் பச்சை இறைச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னதும் எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிடும். "எதுக்கு இதெல்லாம்?"

அங்கே பிடித்துக்கொள்வேன். 1890களில் ஆப்பிரிக்காவின் மாடுகளை வெக்கை நோய் வாரிக்கொண்டு போனது. கால்நடைகள் வடக்கிலிருந்து தெற்கே வராமல் தடுக்க, அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மானியர்கள் நமுட்டோனியில் ஒரு காவல் சாவடி போட்டார்கள். பிறகு அது கோட்டையானது. வெக்கை நோய் 2011இல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது, ஆனால் அந்தத் தடுப்புக்கோடு வேலியாக இன்னும் இருக்கிறது, இப்போது கோமாரி நோய்க்காக. அது இறைச்சி வழியாகவும் பரவும், அதனால்தான் ஐஸ் பெட்டிச் சோதனை.

மாட்டிலிருந்து சண்டைக்குப் போவது சுலபம். 1904 ஜனவரி 28 அன்று வடக்கே இருந்த ஒண்டோங்கா நாட்டின் அரசர் நெஹாலேயின் வீரர்கள் கோட்டையைத் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏழே ஜெர்மானியர்கள். இரவோடு இரவாகத் தப்பினார்கள், கோட்டை தரைமட்டமானது. இப்போது நிற்பது பின்னால் கட்டியது. 1950களின் கடைசியில் அதைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஏழு பேருக்குக் கோட்டையில் நினைவுப் பலகை உண்டு. நெஹாலேயின் பெயர் முகாமை ஒட்டிய நீர்நிலைக்கு. இரவில் எல்லோரும் உட்காருவது அங்கேதான், ஆனால் அங்கே வாய் திறக்கக்கூடாது, யானை போய்விடும்!

பூங்காவின் வடக்கு வாசலும் நெஹாலே பெயரில்தான். கிழக்கு வாசலுக்கு, 1907இல் இதை வனவிலங்குக் காப்பிடமாக அறிவித்த ஜெர்மானிய ஆளுநர் ஃபான் லிண்டெக்விஸ்டின் பெயர். அதனால் குழுவை வடக்கே நுழைத்துக் கிழக்கே வெளியேற்றுவதுதான் எனக்குப் பிடித்த பாதை. டீசல் கூடுதலாகிறது என்று அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.