கால் முதல், பந்து பிறகு

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து மாஸ்டர் காலமான செய்தி வந்த கையோடு, இந்தப் பழைய மாணவர் மலருக்கு அவரைப்பற்றி ஒரு பக்கம் வேண்டுமென்று செயலாளர் கேட்டார். அந்தக் காலக் கல்லூரி மலர்களில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒரு வரிதான், அதுவும் கிரிக்கெட் அறிக்கைக்கு வால்போல. ஒரு பக்கம் என்பது பதவி உயர்வு என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவர் சென்னை சைதாப்பேட்டை வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்று வந்தவர். அதை 1920இல் தொடங்கிய ஹரி குரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை ஆணியில் தொங்கவிட்டு இந்த ஆட்டத்தை உண்டாக்கியது அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். ஆக, எங்கள் சீமெந்துக் கோர்ட்டுக்கு ஆட்டம் வந்த வழி குறுகியது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்த நெய்ஸ்மித் 55 ஆட்டம் வென்று 60 தோற்றவர் என்பதையும் மாஸ்டர் தோற்ற நாட்களில் மறக்காமல் சொல்வார்.

புதிதாகச் சேர்ந்தவன் கையில் பந்து கிடைக்க இரண்டு கிழமை ஆகும். அதுவரை கால். தோளகலத்துக்குக் கால் வைத்து, முழங்கால் மடித்து, பக்கவாட்டில் நகரவேண்டும். கால்கள் ஒன்றையொன்று கடக்கக்கூடாது. கடந்த கணத்தில் எதிராளி மறுபக்கம் வெட்டினால் திரும்ப வழியில்லை. பார்வை பந்திலும் இல்லை, முகத்திலும் இல்லை, இடுப்பில். "முகம் பொய் சொல்லும் தம்பி, இடுப்பு சொல்லாது."

லே-அப்பை, அதாவது ஓடிவந்து எழும்பிக் கிட்டநின்று பந்தைக் கூடையில் வைப்பதை, அவர் பின்னாலிருந்து முன்னுக்குச் சொல்லித்தந்தார். முதலில் றிங்குக்குக் கீழே நின்று ஒரு காலில் எழும்பி வைப்பது. பிறகு ஓரடி, பிறகு ஈரடி, கடைசியில்தான் தட்டிக்கொண்டு ஓடிவருவது. வலக்கைக்காரன் என்றால் வலது, இடது, எழும்பு. முதலடி நீளம், இரண்டாமடி கட்டை. அந்தக் கட்டை அடிதான் ஓட்ட வேகத்தை உயரமாக்கும். இரண்டும் நீளமாகப் போனால் வேகமெல்லாம் பந்தில் ஏறி, போர்டில் பட்டு அரைக் கோர்ட்டுக்குத் திரும்பி ஓடும்.

எட்டாம் வகுப்புக்கு அவர் கணக்கும் எடுத்தார். சைன் அட்டவணையின் பயன் அங்கே விளங்கியதோ இல்லையோ, கோர்ட்டில் விளங்கியது. றிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. பந்து நேர்மேலிருந்து விழுந்தால் அதற்குக் கிடைக்கும் வாய் முழுதாக 45. தரைமட்டத்துக்கு 45 பாகையில் சாய்ந்து வந்தால் 32. 30 பாகையில் வெறும் 22½. தட்டையாக எறிகிறவன் எவ்வளவு குறிபார்த்தும் பயனில்லை, வாசலே பந்தைவிடச் சிறிது. அதற்குப் பரிகாரம் பலமாக எறிவதல்ல. முழங்காலை இன்னும் மடித்து எழும்பவேண்டும், பந்து கையைவிட்டுப் போகும்போது முழங்கை புருவத்துக்கு மேலே நிற்கவேண்டும்.

பந்துகளுக்கும் சட்டம் இருந்தது. 1.80 மீற்றரிலிருந்து விட்டால் 1.20க்கும் 1.40க்கும் இடையில் எழவேண்டும். களஞ்சிய அறைச் சுவரில் மூன்று கோடு. வெயிலில் கிடந்த பந்துக்குக் காற்றடிக்கக்கூடாது, மாலையில் தணிந்ததும் சூம்பிவிடும். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். கிழித்தவன் அன்று முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களின் பந்தைப் பொறுக்கவேண்டும்.

சொக்ஸ் சோதனையை நாங்கள் அவருடைய கிறுக்கு என்றே எண்ணியிருந்தோம். சப்பாத்துப் போடுமுன் குதிக்காலிலும் சின்னவிரலிலும் விரலோட்டிப் பார்ப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் நாலு நாள் பயிற்சி போய்விடும். சீமெந்தில் அது இன்னும் மோசம். வெளிநாடு வந்தபின்தான், கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துப் பயிற்றுநராக இருந்த ஜோன் வூடனும் பருவத்தின் முதல் நாளில் சொக்ஸ் போடத்தான் சொல்லிக்கொடுப்பார் என்று அறிந்தோம். அவர் 1948 முதல் 1975 வரை அங்கே இருந்தவர், கடைசி 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள்.

அந்தக் கணக்கில் எவரும் எடுத்துச் சொல்லாதது ஒன்றுண்டு. வூடனின் அணிக்கு முதற்பட்டம் 1964இல், அவருடைய 16ஆவது பருவத்தில். அதுவரை அவரை வேலையில் விட்டுவைத்தார்கள், அவரிடம் பையன்களும் தொடர்ந்து நின்றார்கள். ஒரு கல்லூரி அணிக்கு மூன்று வருடம் வேண்டும் என்பது மாஸ்டரின் கணிப்பு: முதல் வருடம் கால், அடுத்தது கூட்டாளிக்காக எதிராளியை மறிப்பதும் கூடைப்பக்கம் வெட்டி ஓடுவதும், மூன்றாவதில்தான் எதிரணியைக் கோர்ட் முழுக்க நெருக்குவது. 1983 கலவரத்துக்குப் பிறகு மூன்று வருடம் யார் ஊரில் நின்றது? றிங்குக்குக் கிட்ட நிற்கும் சென்ரர் இடத்தில் விளையாடுகிறவன் ஒரு கிழமை வராவிட்டால் "காய்ச்சலோ?" என்று கேட்கமாட்டார், "எந்த நாடு?" என்பார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் பயிற்சி நேர அட்டவணை கொடுத்துவைக்கலாம் என்று ஒருமுறை சிரித்தார்.

யார் மிஞ்சுவார் என்று தெரியாததால் எல்லாருக்கும் ஐந்து இடமும் பழக்கினார். ஆளுக்கு ஆள் காவல் பழக நாளாகும் என்பதால், முன்னே இருவரும் பின்னே மூவருமாக ஆளையல்ல, இடத்தைக் காக்கும் 2-3 வலயக் காவலுக்கும், பிடிக்காவிட்டாலும், இறங்கினார். 1984இல், அப்பாலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் 6.25 மீற்றர் முப்புள்ளிக் கோடு சட்டமானதும் அதுவும் ஓட்டையானது. தூரத்திலிருந்து போடத் தெரிந்த ஒருவன் போதும், வலயம் விரியும், நடு திறக்கும். ஆனாலும் கோட்டை அவரே வரைந்தார். றிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடத்தில் கயிற்றைப் பிடித்து, சோக்கால். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் திரும்பிவந்து கோர்ட்டில் முளைத்த புல்லைச் செருக்கியதும் அவர்தான் என்று ஊரில் நின்றவர்கள் சொல்கிறார்கள். அப்போது நாங்கள் இங்கே பனி தள்ளிக்கொண்டிருந்தோம்.

அவர் நினைவாகக் கண்ணாடிப் போர்ட் இரண்டும் பெயர்க்கல்லும் வைப்பதென்று பிரேரணை வந்திருக்கிறது. கல் வைக்கட்டும். ஆனால் அந்தக் கோர்ட்டில் றிங்குக்கு முன்னால் இன்னும் பழைய சரிவகக் கட்டமே கிடக்கிறது. 2010இல் அது 4.9 மீற்றர் அகல நீள்சதுரமாகி, முப்புள்ளிக் கோடும் 6.75க்குப் போய்விட்டது. முதலில் கோடு. பிறகு இரண்டு பேருக்கு ஒரு பந்து. பிறகு, நாலரைக்கு வந்து நிற்க ஒருவர், அவருக்கு மாதப்படி. சிக்கல் அந்தக் கடைசியில்தான். அவரிடம் பழகியவர்கள் கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டன் ஹரோவிலும் இருக்கிறோம், பாதிப்பேருக்கு முழங்காலும் போய்விட்டது. ஊரிலேயே ஒருவரைத் தேடிப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். அடுத்த கூட்டத்தில் கண்ணாடிப் போர்ட் பிரேரணைக்கு முன்னதாக இதை வாக்குக்கு விடும்படி கேட்டிருக்கிறேன்.