குழாய் இருக்கும்வரை குரல் வராது

இதய சத்திரசிகிச்சைக்கு வருபவர்கள் கத்திக்குத்தான் பயப்படுவார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். நெஞ்சறுவைப் பிரிவில் தாதியாகப் பல வருடம் நின்ற பிறகு சொல்கிறேன், அப்படியில்லை. முதல்நாள் பின்னேரம் கட்டிலடியில் போய் உட்கார்ந்தால் வரும் கேள்விகள் வேறு. "மிஸி, மயக்கம் தெளியாமலே போனால்?" "இடையில முழிப்பு வந்திட்டால்?" "வாய்க்குள்ள குழாய் விடுவினமாமே, மூச்சு அடைக்காதோ?" நெஞ்செலும்பைப் பிளந்துதான் செய்வார்கள் என்று டொக்டர் சொன்னபோது பேசாமல் தலையாட்டிய மனிதர், குழாய் என்றதும் தன் தொண்டையைத் தடவிப் பார்ப்பார்.

இந்தப் பயம் எனக்கு விளங்கியது ஒரு பிழையால். பிழை என்னுடையது.

அப்போது எனக்குக் கொழும்பில் வேலை. யாழ்ப்பாணத்தில் இந்த வசதி வருவதற்கு முன் எங்கள் சனம் பைபாஸுக்கு அங்கேதான் போகவேண்டும். வடமராட்சிப் பக்கமிருந்து ஒரு ஐயா வந்திருந்தார், அறுபது வயதுக்கு மேல். அந்த வாட்டில் தமிழ் கதைக்கக்கூடிய தாதி நான் ஒருத்திதான். முதல்நாள் இரவு அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். "ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ ஐயா, நித்திரை கொண்டு எழும்பிற மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு நான் டியூட்டி முடிந்து போய்விட்டேன்.

அவர் கண் திறந்தது அடுத்த நாள் நடுச்சாமம். வாயில் குழாய். இரண்டு கையும் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டியிருக்கிறது. சுற்றிவரச் சிங்களக் குரல்கள். அரை மயக்கத்தில் குழாயை இழுத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் கையைக் கட்டியது. அன்றிரவு நின்ற தாதி நல்ல மனுசி, அவருடைய நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாராம். ஆனால் தமிழில் ஒரு சொல் சொல்ல அவருக்குத் தெரியாது. ஐயா உதறியிருக்கிறார், மூச்சுக் கொடுக்கும் மெஷின் கத்தியிருக்கிறது, திரும்பவும் மயக்கத்துக்கு மருந்து ஏற்றியிருக்கிறார்கள். காலையில் எடுக்கவேண்டிய குழாயை எடுக்கப் பின்னேரமாகிவிட்டது.

குரல் ஓரளவு திரும்பியதும் அவர் என்னைக் கூப்பிட்டார். "முந்தியும் ஒருக்கா என்ர கையைக் கட்டினவங்கள் பிள்ளை. திரும்ப அங்கதான் கிடக்கிறன் எண்டு நினைச்சன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் சனத்திடம் அதைக் கேட்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, "ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒன்றுமில்லாத விஷயமா அது? என்ன நடக்கும் என்பதை நடக்கிற ஒழுங்கில் சொல்கிறேன். திகதி முடிந்து ஒதுக்கிய குழாய் ஒன்றை வைத்திருக்கிறேன். அதை அவர்கள் கையிலேயே கொடுப்பேன். சின்னிவிரல் மொத்தம், வளைத்தால் வளையும். மனதுக்குள் தோட்டக் குழாய் அளவில் வளர்ந்திருந்த பொருள், கையில் எடுத்ததும் சிறுத்துப்போவதை முகத்திலேயே பார்க்கலாம்.

அதை வைக்கும்போது நீங்கள் நல்ல மயக்கத்தில் இருப்பீர்கள், தெரியாது என்று முதலில் சொல்வேன். அது சாப்பாடு போகிற வழியால் போவதில்லை, மூச்சு போகிற வழியால் போகிறது. அதனால் மூச்சை அடைக்காது, மூச்சே அதற்குள்ளால்தான் வரும். ஆனால் குரல் வராது. இதை அளவெட்டியில் நாதஸ்வரம் வாசிக்கும் ஒருவருக்கு விளங்கப்படுத்த நான் திணறியபோது, அவரே நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை வைத்துச் சொல்லித் தந்தார்: "சீவாளியின்ர ரெண்டு இதழுக்கும் நடுவில குச்சியைச் செருகினால் எவ்வளவு ஊதியும் சத்தம் வராதுதானே, அப்பிடியோ?" அப்படியேதான். குரல்நாண்கள் இரண்டுக்கும் நடுவால் குழாய் போகிறது, அவை ஒன்றோடொன்று சேர முடியாது. அன்றிலிருந்து சீவாளிக் கதையைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். சத்தம் வராவிட்டால் குரல் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம், குழாயை எடுத்த பிறகு ஓரிரு நாள் கரகரத்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு அன்றிரவோ அடுத்த நாள் காலையோ குழாயை எடுத்துவிடுவார்கள். அதுவரை மெஷின் காற்றைத் தள்ளும்போது அதோடு மல்லுக்கட்டாமல் விடவேண்டும். கையை மெல்லிய துணியால் கட்டியிருக்கக்கூடும், ஏன் என்றும் சொல்வேன். இதைச் சொல்லும்போது மட்டும் நான் முகத்தைப் பார்ப்பேன். யாராவது பார்வையைக் கீழே போட்டால் அன்றிரவு குறிப்பில் எழுதிவைப்பேன், அவர் எழும்பும் நேரம் பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று.

மற்றக் குழாய்களுக்கு இவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை. கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, நெஞ்சுக்குக் கீழே இரத்தம் வடிய இரண்டு அல்லது மூன்று. சிறுநீர்க் குழாய் பற்றி வயதானவர்கள் கூச்சத்தில் வாயே திறக்கமாட்டார்கள், அதனால் நானே சொல்லிவிடுவேன்: "சலம் வாற மாதிரி முட்டும். அடக்கத் தேவையில்லை, அது தன்ரபாட்டில போய்க்கொண்டுதான் இருக்கும்." ஆடுகிற பல் இருந்தால் மறைக்கவேண்டாம் என்றும் சொல்வேன். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் ஆடிப்போனவர்கள் இங்கே நிறையப் பேர், குழாய் வைக்கும்போது அது விழுந்து உள்ளே போனால் வேறு வினை.

இடையில் முழிப்பு வந்துவிடுமோ என்ற கேள்விக்கு மழுப்பக்கூடாது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. முழு மயக்கம் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர்தான் அப்படி முறையிட்டிருந்தார். நெஞ்சறுவையில் அது கூடுதல், 8,600 பேருக்கு ஒருவர். இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், இவ்வளவு அரிது என்று சொல்வேன். கூடவே, மயக்க மருந்து டொக்டர் ஊசி போட்டுவிட்டு வெளியே போய்விடுவார் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். முடியும்வரை தலைமாட்டிலேயே ஒருவர் இருப்பார் என்றதும் வருகிற ஆறுதலை எந்தக் கணக்கும் தருவதில்லை.

பேச முடியாதவர்களுக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் எழுத்துப் பலகை கொடுப்பார்களாம். அவர்களுக்கு 26 எழுத்து, எங்களுக்கு 247. அதனால் ஒரு கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் சொற்களையே பெரிதாக எழுதினேன்: நோகுது, தண்ணி, குளிருது, சளி, வீட்டுக்காரர். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் படம். அதைச் செய்தபோது எனக்கு மானிப்பாயில் இருந்த டொக்டர் கிறீனின் நினைவு வந்தது. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், தமிழ் படித்து, எங்கள் பொடியங்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். கடல் தாண்டி வந்தவரே அவ்வளவு செய்த மண்ணில், தமிழில் ஒரு வார்த்தை கேளாமல் ஒரு மனிதன் கட்டிலில் உதறக்கூடாது.

போன மாதம் கோண்டாவிலில் இருந்து இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் வந்தார். தாலிக்கொடியைக் கழற்றவேண்டும் என்றதும் அழுதார். மகள் மஞ்சள் கயிறு ஒன்றை மணிக்கட்டில் கட்டிவிட்ட பிறகுதான் சரி என்றார். அவரோடு நிறைய நேரம் இருந்தேன். ஓம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று பேசிவைத்தோம். அடுத்த நாள் இரவு அவர் கண் விழித்தபோது நான் நின்றேன். "ரீச்சர், ஒப்பரேஷன் முடிஞ்சுது. குழாய் இருக்கு, அதாலதான் கதைக்கேலாது. நோகுதோ?" என் உள்ளங்கையில் இரண்டு தட்டு. பிறகு கண்ணை மூடி மெஷினோடு சேர்ந்து மூச்சுவிட்டார்.

இரண்டாம் நாள் கரகரத்த குரலில் சொன்னார்: "எல்லாம் சொன்னனீ பிள்ளை. அந்த வெள்ளை மருந்து கையில ஏறேக்க எரியும் எண்டு மட்டும் சொல்லேல்லை."

உண்மைதான். பால் போல இருக்கும் அந்த மருந்து நரம்பில் ஏறும்போது பலருக்குச் சுள்ளென்று எரியும். சில விநாடிதான், அதற்குள் நித்திரை வந்துவிடும். அந்தப் பின்னேரம் வாசலோரக் கட்டிலில் புதிதாக வந்திருந்த அண்ணையிடம் குழாயைக் கொடுக்க முதல் அதைத்தான் சொன்னேன்.