எதிக்ஸ் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பாடு: ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் ஒரு பிஎச்டி

ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களின் மருந்தாளுநர் சேவை பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்.எம்.எம்.ஆர். என்பது இல்லத்தில் இருப்பவரின் மருந்துகளை மருந்தாளுநர் மறுஆய்வு செய்வது. கிளஸ்டர் ட்ரையல் என்பது தனிநபர்களை அல்லாமல் முழு இல்லங்களையே குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு. ஆய்வுத் திட்டம், கன்ஃபர்மேஷன் (பிஎச்டியைத் தொடரலாமா என்று பல்கலைக்கழகம் பார்க்கும் தொடக்க மதிப்பீடு), எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) எல்லாம் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தன. ஆனால் அந்த ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் இல்லத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

இல்ல மேலாளர் ஆர்வமாகத்தான் இருப்பார். கையெழுத்துப் போடும் அதிகாரமோ நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கும். அங்கே நர்ஸிங் பொறுப்பாளர், சட்டப் பிரிவு, தனியுரிமை அதிகாரி என்று மூன்று மேசைகள். எங்கள் கோப்பு மூன்றாவது மேசையில் நின்றது. கேட்ட காகிதம் ஒன்றே ஒன்று: தனியார் நிறுவனம் வைத்திருக்கும் உடல்நலத் தகவலைச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலின்றி ஆய்வுக்குத் தர, 1988ஆம் ஆண்டு தனியுரிமைச் சட்டத்தின் 95ஏ பிரிவு வழிகாட்டுதல்களை எதிக்ஸ் கமிட்டி பரிசீலித்ததாக ஒரு வரி. கமிட்டியின் கடிதத்தில் தேசிய அறிக்கையின் (மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுகளுக்கான நெறிமுறை ஆவணம்) 2.3.10 பிரிவின்படி, பங்கேற்பாளரின் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு தரப்பட்டிருந்தது. 95ஏ பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னால், செயலக ஊழியர் புதிய திருத்த விண்ணப்பம் போடச் சொன்னார். அடுத்த கூட்டம் வரை காத்திருப்பு. விண்ணப்பத்திலேயே 95ஏ-வைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், கடிதத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் 95 என்பது மத்திய அரசு அமைப்புகளுக்கு. இரண்டையும் குழப்பினால் மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும்.

நேரில் போகும் நாளுக்கு மூன்று ஆண்டுக்குள் எடுத்த போலீஸ் சான்றிதழும் ஃப்ளூ தடுப்பூசிச் சான்றும் பையிலேயே இருக்கட்டும். வரவேற்பு மேசையில் அது இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காலை மருந்து கொடுக்கும் நேரத்தில் போகவே போகாதீர்கள். மதிய ஷிஃப்ட் மாறும் நேரமும் வேண்டாம். கிளம்பும் முன் ஒரு போன்: உள்ளே கோவிட் அல்லது வயிற்றுப்போக்குப் பரவல் இருந்தால் கதவு மூடித்தான் இருக்கும்.

விலக்கு பொருந்தாத இடங்களில் பங்கேற்பாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு யார் போடுவது? இல்லத்தின் கோப்பில் முதல் தொடர்பு என்று ஒரு பெயர் இருக்கும். பல நேரம் அது கட்டணம் கட்டும் மகன். அவர் கையில் இருப்பது நிலையான பவர் ஆஃப் அட்டர்னி. நியூ சவுத் வேல்ஸில் அது சொத்துக்கும் பணத்துக்கும் மட்டும்தான். அங்கே சிகிச்சை முடிவுகளுக்கான 'பெர்சன் ரெஸ்பான்சிபிள்' (நோயாளிக்குப் பதிலாக ஒப்புதல் தருபவர்) வரிசையே வேறு: முதலில் கார்டியன், பிறகு நெருங்கிய உறவு தொடரும் வாழ்க்கைத்துணை, பிறகு பராமரிப்பவர், அதற்கும் பிறகுதான் நெருங்கிய உறவினரோ நண்பரோ. எங்கள் கமிட்டி எதிர்பார்த்ததும் இதே வரிசைதான். மகன் கையெழுத்திட்ட படிவம் செல்லவில்லை; தெளிவான நினைவோடு மனைவி அதே கட்டிடத்தில் இருந்தார். விக்டோரியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே முடிவெடுப்பவரின் பெயரும் வேறு, வரிசையும் வேறு. இரண்டு மாநிலங்களில் ஆய்வு என்றால் படிவங்களும் இரண்டு விதம்.

எண்ணிக்கைக் கணக்கில் யாரும் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம். ஒரு இல்லத்துக்கு 40 பேர், ஐ.சி.சி. (ஒரே இல்லத்தில் இருப்பவர்களின் முடிவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.05 என்றால் டிசைன் எஃபெக்ட், அதாவது ஆள் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய மடங்கு, 1 + 39 × 0.05 = 2.95. தனிநபர் ட்ரையலுக்கு 300 பேர் போதும் என்றால் இங்கே 885 பேர், அதாவது 23 இல்லங்கள். இதில் ஆய்வு முடிவதற்குள் இறந்துபோகிறவர்களின் கணக்கு இன்னும் சேரவில்லை. அதைத் தனியாகக் கூட்டுங்கள். கிராண்ட் குழுவில் இதற்காகச் சண்டை போட வேண்டிவரும், போடுங்கள்.

பெரிய அடி வந்தது 2024 ஜூலை 1 அன்று. இல்லத்திலேயே மருந்தாளுநரை அமர்த்தும் அரசுத் திட்டம் அன்று தொடங்கியது: 250 படுக்கைக்கு ஒரு முழுநேரப் பணி, அதாவது 50 படுக்கைக்கு வாரம் ஒரு நாள். நோயாளிகளுக்கு நல்ல செய்தி, மனமார வரவேற்கிறேன். தூங்கவைக்கும் மாத்திரைகளால் முதியவர்களைக் கட்டிப்போடுவது பற்றி, முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2019இலும் 2021இலும் எழுதிய பிறகு இது வந்தே ஆக வேண்டியது. ஆனால் திட்டத்தில் சேரும் இல்லத்துக்கு ஆர்.எம்.எம்.ஆர். நிதி நின்றுவிடும். எங்கள் ஒப்பீட்டுக் குழுவின் 'வழக்கமான சேவை' என்பதே ஆர்.எம்.எம்.ஆர்.தான்! அது காலடியில் நழுவிப்போனது. வழி இருக்கிறது: ஒவ்வொரு இல்லமும் எந்தத் தேதியில் மாறியது என்று குறித்து, முன்னும் பின்னும் மாதவாரியாக அளந்து, இடைமறித்த காலத்தொடர் பகுப்பாய்வுக்கு மாற்றலாம். எதிக்ஸ் திருத்தமும் ட்ரையல் பதிவேட்டுத் திருத்தமும் தரவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு செய்தால் தேர்வாளர் நம்பமாட்டார்.

தரவு விஷயத்தில் யாரும் சொல்லித்தராத ஒன்று. ஒவ்வொரு வேளைக்குமாகப் பிரித்து அடைத்த மாத்திரைகளுக்கு மருந்தகம் தரும் பேக்கிங் பட்டியல் எக்செலில் அழகாக வரும், அதை நம்பி ஆய்வை முடிக்கத் தோன்றும். அதில் பேக்கில் போடும் மாத்திரைகள் மட்டுமே இருக்கும். இன்சுலின், இன்ஹேலர், கண் சொட்டு, ஃபென்டனில் பேட்ச், திரவ மருந்து, தேவைப்பட்டால் கொடுக்கும் பி.ஆர்.என். மருந்து எதுவும் இருக்காது. தூங்கவைக்கும் மருந்துகளில் பாதிக் கதை பி.ஆர்.என்.னில்தான் நடக்கிறது. எழுதிவைத்ததை மட்டுமல்ல, உண்மையில் எத்தனை முறை கொடுத்தார்கள் என்பதையும் மருந்து அட்டையிலிருந்து எடுங்கள். மின்னணு அட்டை என்றாலும் பி.டி.எஃப். ஆகத்தான் தருவார்கள், கையால் உள்ளிட ஆள்கூலியை பட்ஜெட்டில் வையுங்கள். ஆன்டிசைக்கோடிக் (மனநோய் மருந்து) என்று சர்வதேச மருந்து வகைப்பாட்டின் என்05ஏ குறியீடு முழுவதையும் அள்ளினால் வாந்திக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசினும் லித்தியமும் உள்ளே வந்துவிடும். சேர்ப்பதா விடுவதா என்று திட்டத்திலேயே எழுதுங்கள். ஒருவருக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட மருந்தா என்று பார்ப்பவர்கள், முதியோர் இல்லங்களுக்கான தேசியத் தரக் குறியீட்டின் வரையறை ஒன்பதிலிருந்தே தொடங்குகிறது என்பதையும் பி.ஆர்.என்.னை விட்டுவிடுகிறது என்பதையும் கவனிக்கவும்.

மருந்தாளுநரின் பரிந்துரையை டாக்டர் ஏற்றாரா என்பது பலரின் முக்கிய அளவுகோல். 'சரி' என்று டிக் அடித்த தாளை எண்ணினால் சதவீதம் ஜொலிக்கும். ஒரு மாதம் கழித்து அட்டையைப் பார்த்தால் பழைய டோஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஆஸ்பத்திரி போய் வந்தபோது நிறுத்திய மருந்து திரும்ப வந்திருக்கும். ஏற்றது, அட்டையில் மாறியது, மூன்று மாதம் நிலைத்தது என்று மூன்று தனி அளவுகளாக வையுங்கள்.

டாக்டர்களிடமிருந்து பதில் வாங்கியது மட்டும் எங்கள் சின்ன வெற்றி. நீண்ட அறிக்கைக்கு மௌனமே பதிலாக இருந்தது. ஒரே பக்கம், அதிகபட்சம் மூன்று பரிந்துரை, ஒவ்வொன்றிலும் குறைக்க வேண்டிய டோஸும் தேதியும், கண்காணிக்கும் நர்ஸ் யார் என்பதும் எழுதி, டாக்டர் இல்லத்துக்கு வரும் நாளுக்கு முந்தைய மாலை அவருடைய கோப்பின் மேலே வைக்கச் சொன்னோம். அதன் பிறகு பெரும்பாலும் அன்றே பதில் வந்தது.