சாவி இரண்டு, குணம் இரண்டு

"அந்த ஆபீசர் ஒரு வவுச்சரைக்கூட ஒரே தடவையில் பாஸ் பண்ணமாட்டார்." வங்கிக் கிளைகளில் கவுன்ட்டர் பக்கம் அடிக்கடி கேட்கும் குறை இது. (வவுச்சர் என்பது ஒவ்வொரு வரவு செலவுக்கும் உரிய தாள்.) அந்த ஆபீசரைக் கேட்டால், "கவுன்ட்டரில் இருக்கிறவர் எதையும் பார்க்காமல் போட்டுத் தள்ளுகிறார்" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் வங்கி வேலையே இப்படிப்பட்ட இருவரை எதிரெதிரே உட்கார வைத்துத்தான் நடக்கிறது. ஒருவர் கணினியில் பதிவு போட, இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்கிறார். பெட்டகத்துக்குச் சாவி இரண்டு, கேஷியரிடம் ஒன்று, ஆபீசரிடம் ஒன்று. ஒருவர் சாவியால் மட்டும் அது திறக்காது. குணம் ஒத்துப்போகவில்லை என்று வரும் பல புகார்களுக்குக் காரணம் குணமே இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தாள் போகிற விதத்தில்தான் கோளாறு.

வேகக்காரரைக் கேஷ் கவுன்ட்டரில் பாருங்கள். மாத முதல் வாரக் கூட்டத்தை அவர் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஆனால் அவர் இருபது வவுச்சரைச் சேர்த்து வைத்து மூன்றே முக்கால் மணிக்கு ஆபீசர் மேஜையில் கொண்டுவந்து போடுவார். நிதானமாகப் பார்க்கிறவருக்கு அந்த நேரத்தில் அத்தனை தாள் வந்தால் எரிச்சல்தான் வரும். பத்து வவுச்சர் சேர்ந்ததும், அல்லது அரை மணிக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது கைமாற்றிவிட வேண்டும் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

மீதிப் பாதி ஆபீசர் கையில் இருக்கிறது. காசோலையில் தேதி மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று ஒரு முறை திருப்புவார். தேதி சரியாகி வந்ததும், எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறு வேறாக இருக்கிறது என்று மறுபடி திருப்புவார். மூன்றாவது முறை கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பார். மூன்றும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் மூன்று முறை நடக்க வேண்டியிருப்பவர் கவுன்ட்டர் ஊழியர். தாளை முழுக்கப் படித்து, எல்லாப் பிழையையும் பென்சிலால் ஒரே தடவையில் குறித்துத் திருப்பிக் கொடுத்தால் அதே கண்டிப்பு யாருக்கும் வலிக்காது.

இந்த இரண்டு குணங்களும் எவ்வளவு அவசியம் என்பது கேஷ் டேலி ஆகாத, அதாவது கையிலுள்ள பணம் கணக்கோடு ஒத்துவராத மாலையில் தெரியும். மணி நாலரை. 900 ரூபாய் ஷார்ட். வேகக்காரர் உடனே எல்லாக் கட்டையும் பிரித்து எண்ணும் இயந்திரத்தில் ஓட்டுவார். பத்து நிமிடத்தில் அத்தனையும் எண்ணிவிடுவார். நிதானக்காரர் நோட்டைத் தொடமாட்டார். 900 ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பார். வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,400 கொடுத்துவிட்டு 4,500 என்று பதிந்திருப்பார்கள். குறைவது 8,000 என்றால் அதைப் பாதியாக்கி 4,000 ரூபாய் வவுச்சர் எது என்று தேடுவார். கொடுத்த பணத்தை வாங்கியதாகப் பதிந்தால் இரட்டிப்பாகத்தான் குறையும். ஒரு 500 மட்டும் குறைந்தால் யாருக்கோ ஒரு நோட்டு கூடுதலாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பணம் கொடுத்த ஒவ்வொரு தாளின் பின்புறமும் எத்தனை நூறு, எத்தனை ஐந்நூறு என்று எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேகக்காரர்கள் பெரும்பாலும் எழுதாமல் விடுவது இதைத்தான்.

அந்த நேரத்தில் ஒருவர் நோட்டையும் ஒருவர் தாளையும் எடுத்துக்கொள்வது நல்லது. "நான் அப்பவே சொன்னேன்" என்ற பேச்சு மட்டும் அப்போது வேண்டாம். ஷார்ட்டைக் கைப்பணத்தில் கட்ட வேண்டியவர் கேஷியர். அவருக்குக் கை நடுங்கினால் எண்ணிக்கை இன்னும் தப்பும். கூடுதலாக இருந்தாலும் அன்றைக்கே அதற்கான கணக்கில் வரவு வைத்துவிட வேண்டும். நாளைக்கு ஷார்ட் வந்தால் ஈடுகட்டலாம் என்று டிராயரில் போட்டுவைக்கும் பழக்கம், எவ்வளவு நல்லவரையும் ஆய்வில் குற்றவாளியாக நிற்க வைத்துவிடும்.

கலகலப்பாகப் பேசுகிறவர்களை "வேலை பார்க்காமல் அரட்டை" என்று ஒதுக்குவது தவறு. நவம்பர் மாதம் வாழ்நாள் சான்றிதழுக்கு ஓய்வூதியர்கள் வரிசையில் நிற்கும்போது அவர்கள் அருமை தெரியும். "தம்பி, ரேகை விழமாட்டேங்குதுப்பா" என்று ஒரு பெரியவர் தவிக்கிறார். "பரவாயில்லீங்க ஐயா, கையைத் துடைச்சிட்டு அடுத்த விரலை வைங்க. அதுவும் விழலைன்னா முகத்தைப் படம் பிடிச்சே போட்டுடலாம்" என்று சொல்லி அமர வைக்க எல்லோராலும் முடியாது. அதே மனிதரை நகைக்கடன் மேஜையில் உட்கார வைத்தால் ஆபத்து. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, மொத்த எடை போட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து நிகர எடை சொல்கிற அந்த ஐந்து நிமிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் கண்ணெதிரே எடையைக் காட்டி, பையில் போட்டு, சீல் வைத்து, எண் எழுதி முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அமைதியானவர்களிடம் வேறு சிக்கல். சந்தேகம் கண்ணில் பட்டாலும் ஊழியர் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். "ஏதாவது சொல்லணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் "இல்லை சார்" என்பார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை தனியாக, "இந்த வாரம் எந்தக் கணக்கு உங்களுக்கு உறுத்திச்சு?" என்று கேட்டால் விஷயம் வரும்.

உள்முகம், வெளிமுகம் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் கார்ல் யுங். இப்போது உளவியலாளர்கள் அவற்றை இரண்டு பெட்டிகளாகப் பார்ப்பதைவிட, கூடியும் குறைந்தும் இருக்கும் அளவுகளாகவே பார்க்கிறார்கள். கிளையிலும் அப்படித்தான். கேஷில் மின்னலாக இருப்பவர் வீட்டுக்கடன் பத்திரத்தில் வில்லங்கச் சான்று படிக்க மூன்று நாள் எடுப்பார். ஒரு இருக்கையில் பார்த்ததை வைத்து ஆளுக்குப் பெயர் சூட்டிவிட்டால் அடுத்த இருக்கையில் அவரை இழந்துவிடுவோம்.

இதையெல்லாம்விடக் கவலைப்பட வேண்டியது, சண்டையே போடாத ஜோடியைப் பற்றி. "நம்ம சார்தானே" என்று பார்க்காமல் பாஸ் பண்ணுவது, "நீங்க சாப்பிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றதும் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவது, அவசரத்துக்குச் சாவியையும் கொடுத்துவிடுவது. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் வேலை செய்வது ஒரே ஆள்தான். ஒரு நாள் பணம் குறைந்தால், யார் செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. நிரபராதியும் சேர்ந்து மாட்டுவார். மறுக்கத் தயங்குகிறவர்கள் முதல் நாளே, எல்லோரிடமும் ஒரே மாதிரி, "என் சாவி என்கிட்டயே இருக்கட்டும், அதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு" என்று சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கொடுத்துப் பழகிவிட்டு ஏழாவது மாதம் மறுத்தால் அது சந்தேகப்பட்டதாகிவிடும்.

"நான் இல்லாமல் கிளை நடக்காது" என்று லீவே எடுக்காதவரும் இந்த வகைதான். உழைப்பாளியாக இருப்பார், எல்லோரும் மெச்சுவார்கள். ஆனால் அவர் மேஜையை வேறு கண் பார்ப்பதே இல்லை. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளுக்குக் குறையாமல் விடுப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருப்பது இதனால்தான். அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்கிறவர்களிடம் மேனேஜர் உட்கார்ந்து பேச வேண்டும். பொறுப்பேற்கிறவரும் பழைய தாள்களைத் துருவும் தோரணையில் இல்லாமல், நிலுவைப் பட்டியலை அவரிடமே கேட்டு வாங்கித் தொடங்கினால் மனக்கசப்பு குறையும்.

முகம் கொடுத்துப் பேசாத இருவரிடம் பெட்டகச் சாவி இருந்தால் மேனேஜர் அதை நாள் கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. இருவருக்கும் ஒரே நேரம் குறித்து, அந்த நேரத்தில் தானும் பெட்டக வாசலில் நிற்கலாம். அப்படியும் சரிவரவில்லை என்றால் ஒருவரிடமிருந்து சாவியை மாற்றி, சாவிப் பதிவேட்டில் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கையெழுத்தும் நேரமும் அன்று மாலையே ஏற வேண்டும்.